பரிசவேதியும் உரைகல்லும்

கதை கேளாது வளர்ந்த பிள்ளை தமிழகத்திலும் இல்லை, ஈழத்திலும் இல்லை. விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராசன் கதையையும் பாட்டியர் வாயிலாகக் கேட்டது ஒரு தலைமுறை. 1947 ஆம் ஆண்டிலே தோன்றிய ‘அம்புலிமாமா’வின் பக்கங்களிலே கண்டது அடுத்த தலைமுறை. இன்றைய மாணவர் திரையிலும் கணினி விளையாட்டிலும் காண்கின்றனர். காண்கின்ற கருவி மாறினும் அக்கதைகளில் வரும் பண்டங்கள் பெரிதும் மாறவில்லை. வாயிலிட்டால் வானிற் பறக்கச் செய்யும் குளிகை, கண்ணில் தீட்டினால் புதையலைக் காட்டும் மை, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம், தொட்ட இரும்பைப் பொன்னாக்கும் பரிசவேதி என அவை வரிசையாக வருகின்றன.

இப்பண்டங்கள் யாவும் வெறுங் கற்பனையிற் பிறந்தனவோ? அல்ல. அவற்றின் மூலச் சரக்குகள் பெரும்பாலும் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. வெள்ளவத்தைக் காலி வீதியிற் பூசைப் பொருள் விற்கும் கடையிலும், புறக்கோட்டைக் காபோஸ் ஒழுங்கையின் நாட்டு மருந்துக் கடைகளிலும், செட்டியார் தெருவின் பொற்கொல்லர் பட்டறையிலும் அவற்றைக் காணலாம். வசம்பு, கோரோசனை, பச்சைக் கற்பூரம், குங்கிலியம், சாதிலிங்கம், துருசு, வெங்காரம், நவச்சாரம், படிகாரம் என்று அப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் அதுவே ஒரு மந்திரம்போல் ஒலிக்கும். இவற்றுள் மாயம் எங்கே இருக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாயப் பண்டம் எவ்வாறு இயங்கும் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே தெளிவான சான்று ஒன்றுண்டு. அது மணிமேகலையின் அமுதசுரபி. நயினாதீவே எனப் பலரும் கருதும் மணிபல்லவத்திலே, கோமுகிப் பொய்கையினின்று வைகாசிப் பூரணையன்று அது வெளிப்பட்டது என்பது காப்பியச் செய்தி. அது பொன்னாலும் மணியாலும் இழைத்த கலமன்று, பிச்சைப் பாத்திரம். அப்பாத்திரமும் கைக்கு வந்தவுடன் சுரந்துவிடவில்லை. ஆதிரை என்னும் நல்லாள் முதற் பிச்சை இட்ட பின்னரே அள்ள அள்ளக் குறையாது வழங்கிற்று. மணிமேகலைக்கு முன்னர் அதனை வைத்திருந்த ஆபுத்திரனோ, நாட்டிலே மழை பெய்து வளஞ் செழித்துப் பசித்தோர் இல்லையாகியபோது, ஏற்பாரின்றி அதனைப் பொய்கையிலே விட்டு உயிர் நீத்தான். ஆகவே பண்டம் மட்டும் போதாது. அதனைத் தொழிற்படுத்தும் முறை வேண்டும். அதனால் நிறைவேறும் உண்மையான தேவையும் வேண்டும். சாத்தனார் காட்டும் இவ்விலக்கணத்தைக் கையிற் கொண்டு கடைச் சரக்குகளை நோக்குவோம்.

முதலில் மஞ்சள். ஆராத்தித் தட்டிலே மஞ்சள் நீரிற் சிறிது சுண்ணாம்பு இட்டவுடன் நீர் செந்நிறங் கொள்வதை நாம் எல்லோரும் கண்டுள்ளோம். மஞ்சள் நிறமும் வெண்ணிறமுங் கூடிச் செந்நிறந் தோன்றுவது கண்ணெதிரே நிகழும் மாற்றம். மஞ்சளிலுள்ள நிறப் பொருளை வோகல், பெல்லற்றியர் என்னும் இருவர் 1815 ஆம் ஆண்டிலே பிரித்தெடுத்தனர். அதன் பெயர் குர்க்குமின். காரத்தோடு சேர்ந்தால் அது சிவக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாகும். ஐயமுள்ளவர் ஆராத்தி நீரிலே சில துளி தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து பார்க்கலாம். செந்நிறம் மறைந்து மஞ்சள் தலைகாட்டும். இக்காலப் பாடசாலை ஆய்வுகூடத்திலே பாசிச்சாயத் தாள் செய்யும் வேலையை நம் வீட்டு முற்றத்திலே மஞ்சள் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளது. மஞ்சளோடு வெங்காரமும் படிகாரமுந் தேசிச் சாறுஞ் சேர்த்துக் குங்குமம் இயற்றிய கைகளும் இவ்வியல்பை நன்கறிந்த கைகளே.

இரண்டாவது, நாவூறு கழிக்கும் பண்டங்கள். உப்பு, கடுகு, செத்தல் மிளகாய் மூன்றையும் கையிலே பொத்திப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பிலே போடுவது நம் வீட்டு வழக்கம். இம்மூன்றும் ஒரே காலத்தன அல்ல. கடுகு மிகப் பழையது. போரிலே புண்பட்டுக் கிடந்த வீரனைக் காக்க வேப்பிலை செருகி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எடுத்த செய்தியை அரிசில்கிழார் புறநானூற்றின் 281 ஆம் பாட்டிலே தருகிறார். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 1492 இலே கொலம்பசு அங்குச் சென்ற பின்னர்ப் போர்த்துக்கேயர் வாயிலாகவே நம் கரைகளை அடைந்தது. எனவே ‘தொன்றுதொட்டு வந்தது’ என நாம் நினைக்கும் இச்சடங்கிலே ஒரு பண்டம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. மற்றொன்று ஐந்நூறு ஆண்டிற்கும் உட்பட்டது. சடங்கு கல்லிலே வெட்டிய எழுத்தன்று. புதிதாக வந்த சரக்கின் காரத்தையும் நெடியையுங் கண்ட நம் பாட்டியர், அதற்கும் ஓர் இடங் கொடுத்து வழக்கத்தைப் புதுப்பித்தனர். மரபு உயிரோடிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது, பெயர் சொல்லக் கூடாத சரக்கு. வசம்புக்குப் ‘பேர்சொல்லாதது’ என்றே ஒரு பெயருண்டு. ‘பிள்ளைவளர்ப்பான்’ என்பது மற்றொன்று. இரவிலே அதன் இயற்பெயரைச் சொல்லலாகாது என்பது முன்னோர் கட்டுப்பாடு. அதனைச் சுட்ட கரியைக் குழந்தைக்குத் தடவினர். துண்டாக்கி நூலிலே கோத்துக் கையிலே கட்டினர். பூச்சிகளை விலக்கும் ஆற்றல் அதன் தைலத்துக்கு உண்மையாகவே உண்டு. ஏட்டுச் சுவடிகளைப் பூச்சி அரியாமற் காத்த பொருள்களுள் வசம்பும் ஒன்று. நம் பழந்தமிழ் நூல்கள் சிலவேனும் அச்சேறும் நாள்வரை பிழைத்திருந்தமைக்கு இப்பெயர்சொல்லாததும் ஒரு காரணம் எனலாம். ஆயினும் அதன் மறுபக்கமும் அறியத்தக்கது. அத்தைலத்திலுள்ள அசரோன் என்னும் பொருள் எலிகளிலே புற்றுநோயை விளைத்தமை கண்டு, ஐக்கிய அமெரிக்கா 1968 ஆம் ஆண்டிலே வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஏட்டைக் காத்த பொருள் என்பதனால் குழந்தையின் வாயிலே அளவின்றிப் புகட்டலாம் என்பது முடிவாகாது.

பெயரை மறைக்கும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பழைய பச்சைக் கற்பூரம் சுமாத்திரா, போர்ணியோ, மலாயாக் காடுகளிலே வானளாவ வளரும் ஒருவகை மரத்தின் உள்வெடிப்பிலே விளைந்தது. எந்த மரத்தினுள்ளே அது இருக்கின்றது என்பதை வெட்டுமுன் அறிதல் அரிது. ஆதலால் அதனைத் தேடிக் காடேகிய மலாயாப் பழங்குடியினர், வழக்கச் சொற்களை விலக்கித் தமக்கென அமைந்த மறைமொழியிலேயே பேசிக்கொண்டனர். இல்லையேற் கற்பூரம் மறைந்துவிடும் என நம்பினர். அரிதிற் கிடைப்பதும் உறுதியின்றிக் கிடைப்பதும் எதுவோ, அதனைச் சுற்றி மந்திரஞ் சூழ்வது மனித இயல்பு. அக்கற்பூரத்துக்குப் பெயர்போன துறை சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசு. அதனருகே லோபு துவா என்னும் இடத்திலே கிடைத்த 1088 ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினரின் தமிழ்க் கல்வெட்டாகும். மாயக் கதையிலே ஏழு கடல் தாண்டிச் சென்று அரும்பொருள் கொணரும் இராசகுமாரனுக்கு மூலபுருடன் யார் என வினவினால், கணக்கேடுங் கையுமாய்க் கப்பலேறிய இவ்வணிகனையே யான் காட்டுவேன். இன்று கோயிலிலே நாம் கொளுத்தும் சாதாரண கற்பூரமோ பெரும்பாலும் பைன் மரத் தைலத்திலிருந்து தொழிற்சாலையிலே ஆக்கப்படுவது. மணமும் சுடரும் உண்டெனினும் பிள்ளைகள் விழுங்கினால் வலிப்பு உண்டாக்கும் நஞ்சு அது என்பதை வீட்டார் மறத்தலாகாது.

இனிக் குளிகைக்கும் இரசவாதத்துக்கும் வருவோம். சாதிலிங்கம் செந்நிறக் கல். அதனை வாலையிலிட்டு எரித்தால் வெள்ளியை உருக்கினாற் போன்ற இரசம் வடியும். அவ்விரசத்தைக் கந்தகத்தோடு கல்வத்திலிட்டு அரைத்தால் இரண்டும் மறைந்து கருந்தூள் உண்டாகும். அக்கருந்தூளை மீண்டும் முறைப்படி எரித்துப் பதங்கித்தால் பழைய செந்நிறம் திரும்பி வரும். செம்மை வெண்மையாகி, வெண்மை கருமையாகி, கருமை மறுபடியுஞ் செம்மையாகும் இக்காட்சியை முதன்முதற் கண்டவன் இறந்தவரை எழுப்பலாம் என்றும் வானிற் பறக்கலாம் என்றும் கனவு கண்டதில் வியப்பென்ன? சித்தர் பாடல்களிலும் நாட்டுக் கதைகளிலும் வரும் குளிகைக்கு இவ்வுலையே பிறப்பிடம்.

துருசு எனப்படும் நீலக் கல்லும் அத்தகையதே. அது செப்பு சல்பேற்று. அதனை நீரிற் கரைத்து மினுக்கிய இரும்பாணியை இட்டால், சிறிது நேரத்திலே ஆணி செம்பு நிறம் போர்த்துக்கொள்ளும். ‘இரும்பு செம்பாயிற்று’ எனக் கூவினால் பார்த்தவர் நம்புவர். உண்மையில் இரும்பு செம்பாகவில்லை. இரும்பிலே ஒரு பகுதி நீரிற் கரைந்து போக, நீரிற் கரைந்திருந்த செம்பு அதனிடத்திலே படிந்தது. நிறுத்துப் பார்ப்பவன் இதனை அறிவான். நிறத்தை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். சீன தேசத்திலே சொங் மரபினர் ஆட்சிக் காலத்தில் இவ்வியல்பைப் பயன்படுத்திச் செம்பு எடுப்பதைத் தொழிலாகவே நடத்தினர். இரசவாதி மேடையிலே செய்த வித்தையும் சீனத் தொழிலாளி தொட்டியிலே செய்த வேலையும் ஒன்றே. முன்னவன் செயலை மறைத்து வியப்பை விற்றான். பின்னவன் செயலை அறிந்து செம்பை விற்றான்.

செம்பைப் பொன்னிறமாக்கும் வித்தையும் பொய்யன்று. துத்தநாகஞ் சேர்ந்தாற் செம்பு பித்தளையாகும். ஆனால் அத்துத்தநாகத்தைத் தனித்தெடுத்தல் எளிதன்று. உலையின் வெப்பத்தில் அது 907 பாகையிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். இராசத்தானத்துச் சவாரிலே இடைக்காலத்துத் தொழிலாளர் கத்தரிக்காய் வடிவ மூசைகளைத் தலைகீழாக அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி வடியச் செய்து அதனைப் பிடித்தனர். கத்தரிக்காய் போன்ற மூசையைப் பற்றி இரசநூல்களும் பேசுகின்றன. பறந்துபோகும் ஒன்றைப் பிடித்துக் கலத்திலே அடைத்தலன்றோ பூதத்தைப் போத்தலில் அடைத்த கதை!

இதுகாறும் கண்டவற்றிலே ஓர் ஒற்றுமை தோன்றுகிறது. வியப்பு மெய். ஆனால் அது பண்டத்தின் இயல்பிலும், செய்யும் முறையிலும், அளவிலும் உள்ளது. முறையை மறந்து பெயரை மட்டும் பற்றிக்கொள்ளும்போதே மாயம் மோசமாகிறது, சிலவேளை கொலையுமாகிறது. இது வெறும் வார்த்தையன்று. நம் நாட்டிலேயே இன்று நடைபெறுவது.

வலம்புரிச் சங்கை எடுத்துக்கொள்வோம். மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணக் கடலிலும் கிடைக்கும் சங்குகள் இடம்புரி. அவற்றுள் மிக அருகியே ஒன்று எதிர்த்திசையிலே சுருண்டு பிறக்கும். நாம் அதனை வலம்புரி என்போம். விலங்கியலார் சங்கின் சுருள்நுனியை மேலே பிடித்துப் பார்ப்பதால் அதனையே இடஞ்சுழி என்பர். அருமையால் அதற்கு மதிப்பு ஏற்பட்டது இயல்பே. அம்மதிப்பை நம்பிச் செல்வம் பெருகும் எனப் பெருந்தொகை கொடுப்போர் இன்றும் உளர். அவர்களுக்குப் பலவேளை விற்கப்படுவது அமெரிக்கக் கரையிலே கிடைக்கும் வேறோர் இனச் சங்கு. அவ்வினம் இயல்பாகவே இடஞ்சுழியாகச் சுருள்வது. அங்கே அருமையுமில்லை, அற்புதமுமில்லை.

கசமுத்தோ இன்னுங் கொடியது. முத்துப் பிறக்கும் இடங்களுள் யானைக் கோட்டையும் ஒன்றாக எண்ணியது பழைய நூல் வழக்கு. தந்தத்தின் உட்புழையிலே காயம் முதலிய காரணத்தால் சில வேளை சிறு தந்த உருண்டைகள் தோன்றுவதுண்டு, அவ்வளவே. இலங்கை யானைகளுள் தந்தமுடையன மிகச் சிலவே. அச்சிலவற்றையும் அதிட்டந் தரும் முத்துக்காகக் கொல்வோர் உளர். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலிருந்தும், கசமுத்தை விற்க முயன்று அகப்பட்டோர் செய்தி அடிக்கடி வருகின்றது. கஸ்தூரியும் அவ்வாறே. இமயமலைச் சாரலில் வாழும் கஸ்தூரி மானின் ஆணிடத்திலே உள்ள பையொன்றில் ஏறத்தாழ 25 கிராமே கிடைக்கும். அதன் மணத்துக்குக் காரணமான மசுக்கோனை வால்பாம் 1906 இலே கண்டறிந்தார். அதன் அமைப்பை உருசிக்கா 1926 இலே தெளிவாக்கினார். அருகிவரும் உயிரின வாணிகம் பற்றிய சருவதேச உடன்படிக்கை 1973 இலே கைச்சாத்தாகி 1975 இலே நடைமுறைக்கு வந்தது. இமயமலை மான் அதன் முழுப் பாதுகாப்பிலே உள்ளது. மணத்தை ஆய்வுகூடம் தரும்போது மானைக் கொல்வானேன்?

இரசமும் அத்தகைய எச்சரிக்கைக்குரியது. சுத்தி முறையறிந்த வைத்தியர் அதனை எத்தனை அச்சத்தோடு கையாண்டனர் என்பதற்கு மருத்துவ ஏடுகளே சாட்சி. அச்சமற்ற வணிகர் கையிலோ அது நஞ்சு. இரசத்தின் பயன்பாட்டைக் குறைக்க 2013 இலே உலக நாடுகள் மினமாத்தா உடன்படிக்கையைச் செய்துகொண்டன. மலிவான செந்தூரப் பொடிகளிலே ஈயச் சேர்வை இருந்தமையையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. மஞ்சளிற் பிறந்த குங்குமம் இருந்த இடத்திலே ஈயம் வந்து அமர்ந்ததற்குக் காரணம் யாது? நிறம் ஒன்றே என நாம் எண்ணியதுதான்.

இங்கேதான் உரைகல்லின் பெருமை விளங்குகிறது. செட்டியார் தெருப் பொற்கொல்லரிடம் பரிசவேதி இல்லை; உரைகல் உண்டு. கருநிறமும் நுண்மையும் வன்மையும் உடைய அக்கல்லிலே பொன்னை உரைப்பர். பக்கத்திலே மாற்றறிந்த ஆணியையும் உரைப்பர். இரு கோட்டையும் ஒப்புநோக்கி, அமிலத்தைத் தொட்டு, எது கரைகிறது எது நிலைக்கிறது எனக் காண்பர். ‘ஆணிப்பொன்’ என்னுஞ் சொல் இத்தொழிலோடு பிறந்தது. கௌடிலியர் அர்த்தசாத்திரத்திலே உரைகல்லைப் பற்றியும் அதனால் நிகழும் கள்ளத்தைப் பற்றியும் பேசுகிறார். வள்ளுவரோ தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்திலே மனிதரை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கல்லாக அவரவர் செயலையே வைத்தார். பரிசவேதி ஒன்றை வேறொன்றாக்குவதாகச் சொல்லும். ஒருவரும் அதனைக் கண்டதில்லை. உரைகல் எதையும் மாற்றாது; உள்ளதை உள்ளபடி காட்டும். உலகத்துக்கு வேண்டியது எது?

கல்லூரிக் கல்வி பரிசவேதி என எண்ணுவோர் உளர். பிள்ளையை ஒரு வாயிலால் உள்ளே விட்டு மறுவாயிலாற் பொன்னாக வெளியே எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். கல்வி தருவது உரைகல்லே. அதனைக் கொண்டு மஞ்சளையும் ஈயத்தையும், வலம்புரியையும் வேற்றுச் சங்கையும், வைத்தியனையும் வேடதாரியையும் பிரித்தறியலாம்.

ஆயின் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. கடையிலிருக்கும் முதியவர்க்குத் துருசு தெரியும். செப்பு சல்பேற்றுத் தெரியாது. ஆய்வுகூடத்து மாணவனுக்குச் செப்பு சல்பேற்றுத் தெரியும், துருசு தெரியாது. இருவரும் ஒரே நீலக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அறியாது நிற்கின்றனர். இடைவெளி பெருகுமாயின் முதியவரின் அறிவு அவரோடு போகும். மாணவனின் அறிவு வீட்டுக்கு வாராது. இவ்விடைவெளியை நிரப்ப முயன்றோர் நம் நாட்டிலே முன்னரே இருந்தனர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலே செகராசசேகரமும் பரராசசேகரமும் மருத்துவ நூல்களாய் எழுந்தன. 1847 இலே யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் போதித்த வைத்தியர் கிறீன் தம் மாணாக்கர் துணையோடு மேனாட்டு நூல்களைத் தமிழாக்கினார். அவ்வரிசையிலே ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875 இலே வெளிவந்தது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்துக்கும் இடந் தந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே இன்று அது பட்டப்படிப்பாகவும் பயிலப்படுகின்றது.

ஆகவே பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவிற்கு வேறு பரிசு தேடவேண்டா. ஆய்வுகூடத்திலே ஒரு கண்ணாடி அலுமாரி வையுங்கள். கடைச் சரக்கு நூற்றைச் சிறு போத்தல்களில் இட்டு, ஒவ்வொன்றின் மேலும் தமிழ்ப் பெயர், தாவரவியற் பெயர் அல்லது இரசாயனப் பெயர், பிறந்த இடம், பயன், தீங்கு என்னும் ஐந்தையும் மாணவர் கையாலேயே எழுதுவியுங்கள். நஞ்சானவற்றுக்குச் சிவப்பு மையாற் குறியிட்டுப் பூட்டி வையுங்கள். விலங்கைக் கொன்று பெறுவனவற்றுக்கு வெறும் போத்தலை வைத்துக் காரணத்தை மட்டும் எழுதுங்கள். காபோஸ் ஒழுங்கைக்கு மாணவரை ஒருநாள் அழைத்துச் சென்று, முதிய கடைக்காரரிடம் பெயர்களைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். கேட்க ஆளிருக்கும்போதே கேட்டல் நன்று.